புதுக் குடியும் புதுத் தொழிலும்

வன்னிப் பெருநிலத்தின் வரலாறு பெரும்பாலும் குடியேற்றத்தின் வரலாறேயாகும். காடு வெட்டிக் கமஞ் செய்ய வந்தோர், உடைந்த குளங்களைத் திருத்த வந்தோர், 1977ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து அடைக்கலந் தேடி வந்தோர், 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் முகாம்களிலிருந்து தம் பழைய வளவுகளுக்கு மீண்டோர் என, இங்கு ஒவ்வொரு தலைமுறையினரும் ஏதோ ஒரு வகையிற் புதிதாகக் குடியமர்ந்தவரே. இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் பிள்ளைகளுட் சிலர் வேறொரு வகைக் குடியேற்றத்தை மேற்கொண்டிருக்கின்றனர். அவர்கள் புகுந்திருப்பது மென்பொருள் ஆக்கும் தொழில். பட்டம் பெற்று, நேர்முகப் பரீட்சையில் தேறி, நியமனக் கடிதம் கைக்கு வந்த அன்று வீட்டில் உண்டாகும் மகிழ்ச்சியை யாவரும் அறிவர். அதன்பின் வரும் முதல் ஆறு மாதங்களைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலர். அம்மாதங்களிற் புதியவர் படும் இடர் எத்தகையது, அதற்கு அத்தொழிலின் வரலாறு தரும் விளக்கம் யாது, வன்னி மண்ணின் பழைய அனுபவம் அவர்க்கு எவ்வாறு துணையாகும் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

முதலில் வன்னியின் குளங்களை நோக்குதல் தகும். 1895ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில நிருவாக அதிகாரி, வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி ஒரு கைந்நூல் எழுதி வெளியிட்டார். அக்காலத்து வன்னியிற் குடிகள் குறைவு; குளங்களோ மிகப் பல. அவற்றுட் பல, கட்டு உடைந்தும் தூர்ந்தும் காடு மூடியும் கிடந்தன. அதன் பின்னர், கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920இல் நிறைவெய்திற்று. நிறைவெய்திற்று என்று கூறினும், வேலை அத்துடன் நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் அதன் கட்டுப் பலமுறை உயர்த்தப்பட்டது. துருசுகளும் வான்கதவுகளும் திருத்தப்பட்டன. சுதந்திரத்தின் பின் வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய பழங்குளங்களும் திருத்தம் பெற்றன. வன்னியிற் குளத்து வேலை என்றால், பெரும்பாலும் முன்னோர் கட்டியதை அறிந்து, அது கெடாமற் காத்து, மேலும் பயன்படச் செய்தலே ஆகும்.

1936ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்தின் குடிநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டுக் கிளிநொச்சிக் குடியேற்றம் அமைக்கப்பட்டது. அங்கு வந்து சேர்ந்த கமக்காரர் உழைப்புக்கு அஞ்சாதவர். கிணற்று நீரை இறைத்துத் தோட்டஞ் செய்வதிற் கைதேர்ந்த மரபினர். ஆயினும் பெருங்குளத்து நீரைப் பங்கிட்டு வயல் செய்யும் முறை அவருட் பலருக்குப் புதிது. தோட்டத்துக் கிணற்றைத் தோண்டியவன் அதன் ஊற்றை அறிவான். தனக்குப் பொழுது வாய்த்தபோது இறைப்பான். பிழை நேர்ந்தால் அது தன் தோட்டத்தோடு முடியும். குளத்து நீரோ பலருடையது. எந்தத் துருசை எப்பொழுது திறப்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை, காலபோகத்திற் சேர்ந்த நீர் சிறுபோகத்திற் எத்தனை ஏக்கருக்குக் காணும் என்பனவற்றைத் தனியொருவர் தீர்மானித்தல் இயலாது. மேல்வாய்க்காலில் ஒருவன் அறியாமல் வெட்டிய மடை, கடைவாய்க்காலிற் பத்துப்பேரின் பயிரை வாட்டிவிடும். எனவே புதிதாக வந்தவன் எவ்வளவு உழைப்பாளியாயினும், நீரோட்டம் அறிந்த பழையவர்களைக் கேட்டே வயலில் இறங்க வேண்டியிருந்தது.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு கணினித் தொழிலுக்கு வருவோம். கணினி நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளை ஒழுங்காக எழுதிவைத்தலே நிரல் எனப்படும். பல நிரல்கள் சேர்ந்து ஒரு பணியைச் செய்வதே மென்பொருள். வங்கியிற் கணக்குப் பார்ப்பதும், புகைவண்டிக்கு ஆசனம் பதிவதும், கைத்தொலைபேசியிற் செய்தி அனுப்புவதும் மென்பொருளின் செயலே. பல்கலைக்கழகத்தில் மாணவன் எழுதும் நிரல் பெரும்பாலும் அவனுடைய கிணறு. வினாவை அறிவான், தொடக்கம் முதல் முடிவு வரை தானே எழுதுவான், புள்ளி கிடைத்ததும் அதனை மறந்துவிடுவான். தொழிலிற் சேர்ந்த முதல் நாள் அவன் முன் வைக்கப்படுவதோ ஒரு பெருங்குளம். பத்து ஆண்டுகளாகப் பலர் எழுதிச் சேர்த்த இலட்சக்கணக்கான வரிகள் அதில் இருக்கும். எழுதியவருட் பாதிப்பேர் வேறு தொழிலுக்கோ வேறு நாட்டுக்கோ போயிருப்பர். பல்லாயிரவர் அன்றாடம் பயன்படுத்தும் அம்மென்பொருளை ஒரு கணமேனும் நிறுத்தாமல் அதிலே ஒரு சிறு திருத்தஞ் செய்ய வேண்டும். வகுப்பில் முதல்வனாய் இருந்தவன் இங்கே வாயடைத்துப் போவதன் காரணம் இதுவே. அவனுடைய அறிவு குறைந்துவிடவில்லை. வேலையின் இயல்பு மாறிவிட்டது.

இத்திகைப்பு வன்னிப் பிள்ளைக்கு மட்டும் உரியது என எண்ணுதல் தவறு. தொழிலின் முன்னோடிகளும் இதனை அனுபவித்தனர். 1949ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொறிஸ் வில்க்ஸ் என்னும் அறிஞரின் தலைமையில் அமைக்கப்பட்ட எட்சாக் என்னும் கணினி முதன்முறையாக இயங்கிற்று. அதனை ஆக்கியவரே அதற்குரிய நிரல்களையும் எழுத முற்பட்டார். எழுதிய நிரல் எண்ணியவாறு இயங்கவில்லை. கணினி அறைக்கும் நாடாவில் துளையிடும் அறைக்கும் இடையே மாடிப்படியிற் போய்வந்த ஒரு பொழுதில், தம் வாழ்நாளின் எஞ்சிய காலத்திற் பெரும்பகுதி தம் நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகின்றது என்னும் உண்மை தமக்குத் தோன்றிற்று என அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கணினியையே கட்டியவருக்கு நேர்ந்தது இது. ஆதலின், முதல் வாரத்திலேயே தன் நிரல் பிழைபட்டது கண்டு, தான் இத்தொழிலுக்குத் தகுதியற்றவன் என ஓர் இளைஞன் முடிவுசெய்தல் அறியாமையாகும். பிழை தேடுதல் இத்தொழிலின் இடையூறு அன்று. தொழிலிற் பாதி அதுவே.

அடுத்து, 1960களில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணினிக்கு உரிய இயக்க மென்பொருளை ஆக்க முற்பட்டபோது நிகழ்ந்தவை கருதத்தக்கன. அப்பணிக்குப் பொறுப்பாயிருந்தவருள் ஒருவர் பிரெட்ரிக் புரூக்ஸ். வேலை தாமதமாயிற்று. ஆட்கள் மேலும் மேலும் சேர்க்கப்பட்டனர், தாமதம் குறையவில்லை. அவ்வனுபவத்தை ஆராய்ந்து 1975இல் அவர் வெளியிட்ட நூலிற் கூறிய முடிவு இன்றும் அத்தொழிலாரால் ஒரு விதியாகப் போற்றப்படுகின்றது. பிந்திப்போன மென்பொருள் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பதே அது. காரணம் எளிது. புதிதாக வந்தவருக்கு வேலையைக் கற்பிக்க வேண்டியவர், அதுவரை வேலையைச் செய்துகொண்டிருந்த பழையவரே. அவர் கற்பிக்கும் பொழுது அவருடைய கை ஓய்கின்றது. அன்றியும், ஆட்கள் கூடக்கூட ஒருவரோடொருவர் பேசித் தீர்க்க வேண்டியனவும் பெருகுகின்றன. புரூக்ஸ் இதனை மேற்பார்வையாளருக்குக் கூறினார். புதியவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. முதல் மாதங்களிற் புதியவன் கொடுப்பதிலும் கொள்வதே மிகுதி என்பது தொழில் முழுதும் அறிந்த உண்மை. நல்ல நிறுவனம் அதனைக் கணக்கிட்டே அவனைச் சேர்க்கின்றது. எனவே, தான் சம்பளத்துக்கு ஈடாக எதுவும் செய்யவில்லையே என்று முதல் மாதத்தில் அவன் மனம் நோவது தேவையற்றது.

இதனினும் ஆழமாக ஆராய்ந்தவர் டென்மார்க் நாட்டுப் பீட்டர் நௌர் என்பார். நிரல் என்பது தாளில் அல்லது கணினியில் எழுதப்பட்ட வரிகள் மட்டும் அன்று என அவர் 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில் வாதித்தார். அந்நிரல் ஏன் அவ்வாறு அமைந்தது, எந்தப் பகுதியைத் தொட்டால் எது அசையும், எந்த வழிகள் முயன்று கைவிடப்பட்டன என்னும் அறிவு அதனை எழுதியவரின் உள்ளத்திலே வாழ்கின்றது. ஒரு குழுவார் ஆக்கிய நிரலும் அதன் விளக்கங்களும் முழுமையாகக் கையளிக்கப்பட்ட பின்னரும், அதனைப் பெற்ற மற்றொரு குழுவார் முன்னையோரின் நேர்முக ஆலோசனை இன்றித் தடுமாறியதை அவர் எடுத்துக்காட்டினார். ஆக்கியோர் கலைந்து போனால், வரிகள் அழியாமல் இருப்பினும் நிரல் இறந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை.

வன்னி மக்களுக்கு இதனை விளக்கிக் கூற வேண்டிய அவசியம் இல்லை. போரின் இறுதிக் காலத்தில் மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்து, 2009இல் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் வவுனியாவின் செட்டிகுளத்திலும் ஏனைய இடங்களிலும் அமைந்த முகாம்களில் அடைபட்டிருந்தனர். மெனிக் பாம் முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயே. ஊருக்கு மீண்டவர்க்குக் குளக்கட்டுத் தெரிந்தது. வாய்க்காலின் தடந் தெரிந்தது. ஆனால் எந்த மடையிற் கசிவு உண்டு, எந்த இடத்திற் கட்டு மெலிந்தது, பெருமழையில் நீர் எப்பக்கம் தள்ளும் என்பனவற்றை நினைவிற் கொண்டிருந்த முதியவர் சிலர் திரும்பி வரவேயில்லை. மண்ணால் ஆய பொருள் எஞ்சியிருக்க, அதனைப் பற்றிய அறிவு ஆட்களோடு போய்விடும் என்பதை வன்னி தன் துயரத்தாற் கற்றது.

பழையதை அறியாமற் பயன்படுத்துவதால் விளையும் கேட்டுக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1996 யூன் 4ஆந் திகதி, தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஏரியன் 5 என்னும் புதிய ஐரோப்பிய விண்கலந்தாங்கி முதன்முறையாக ஏவப்பட்டது. ஏறக்குறைய 40 விநாடிகளில் அது வானிலேயே சிதறிற்று. அதில் இருந்த மென்பொருளின் ஒரு பகுதி, முன்னைய ஏரியன் 4 தாங்கிக்காக எழுதப்பட்டது. பழைய தாங்கியின் வேகத்துக்கு அந்நிரல் போதுமானதாய் இருந்தது. புதிய தாங்கியோ பக்கவாட்டில் மிகுந்த வேகத்தோடு சென்றது. அவ்வேகத்தைக் குறிக்கும் எண், அதற்கென ஒதுக்கிய இடத்திற் கொள்ளவில்லை. சிறு குளத்துக்கு அளந்து செய்த துருசைப் பெருங்குளத்தில் அப்படியே பொருத்தியது போன்றதே அது. பழைய வரிகளை எழுதியவர் பிழை செய்தார் என்று கூறவும் இயலாது. அவர் எந்த அளவை மனத்திற் கொண்டு எழுதினார் என்பதைப் பின்னர் வந்தோர் மீண்டும் ஆராயவில்லை. ஆகவே புதியவன் கேட்கும் 'இஃது ஏன் இவ்வாறு எழுதப்பட்டது?' என்னும் கேள்வி அவனுடைய அறியாமையைக் காட்டும் கேள்வியாக மட்டும் அமைவதில்லை. பழையவர் பழக்கத்தினாற் கேட்க மறந்த கேள்வியாகவும் அது அமைதல் கூடும்.

இனி, வன்னிப் பிள்ளைகள் இத்தொழிலை அடைந்த வழியைச் சிறிது காண்போம். இலங்கையிற் கணினிக் கல்வி 1980களில் வேரூன்றிற்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் 1985இல் கணினித் துறை தொடங்கிற்று. கொழும்புப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அவர்களின் முயற்சியால் 1987இல் கணினித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாயிற்று. அதே காலப்பகுதியில் வடக்கு போரில் மூழ்கியது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டிப் போக்குவரத்து நின்றது. வன்னியில் மின்சாரம் இன்றிப் போத்தல் விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர், வெளிநாடு வாழ் தமிழரின் துணையோடு 'வன்னிரெக்' என்னும் கல்வி நிலையம் கிளிநொச்சியில் இளைஞர்க்குக் கணினியும் ஆங்கிலமும் கற்பித்தது. போர் மீண்டும் மூண்டபோது அம்முயற்சியும் நின்றது.

2009 ஓகத்தில், செட்டிகுள முகாம்களில் இருந்த சிறுவர் அங்கேயே ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை எழுதினர். அவர்கள் அப்போது பத்து வயதினர். முன்னைய பல மாதங்கள் பள்ளிக்கூடமே இல்லாமற் பதுங்குகுழிகளிற் கழிந்தவை. அதே வயதினர் 2020களின் நடுப்பகுதியில் இருபத்தைந்தை எட்டினர். இன்று தொழில்களிற் புகும் வன்னி இளைஞருட் பலர் இத்தலைமுறையினரும் இவர்தம் இளையோருமே. அவர்கள் வளர்ந்த காலத்திற் கல்வி நிலையங்களும் மீண்டும் எழுந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014இல் தன் பாடங்களைத் தொடங்கிற்று. கணினிப் பொறியியலும் அங்குக் கற்பிக்கப்படுகின்றது. 2016இல் அதே அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகிய வவுனியா நிலையம், 2021 ஓகத்து முதலாந் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. புகைவண்டியும் 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கு மீண்டும் வந்தது.

கல்வி நிலையம் கற்பிப்பதும் தொழிற்றலம் வேண்டுவதும் முற்றும் ஒன்றல்ல என்பது முன்னரே கூறப்பட்டது. தொழிற்றலத்தில் முதல் வாரம் பெரும்பாலும் கருவிகளைப் பொருத்துவதிலேயே கழியும். நிறுவனத்தின் மென்பொருளைத் தன் கணினியில் இயங்கச் செய்வதற்கே புதியவனுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பின்னர் ஒரு சிறு பிழையைத் திருத்தும் வேலை தரப்படும். திருத்த வேண்டியது ஒரு வரி. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க நூறு கோப்புகளைப் படிக்க நேரும். நாள்தோறும் காலையிற் குழுவினர் கூடி, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், எங்கே தடைப்பட்டோம் என ஒவ்வொருவரும் கூறுவர். புதியவன் கூறும் முறை வரும்போது, 'எல்லாம் சரியாகப் போகின்றது' என்று தலையசைத்துவிட்டு அமர்ந்துவிடுவான். மூன்று நாள் ஒரே இடத்தில் நின்றுகொண்டும் அவ்வாறே கூறுவான். நான்காம் நாள் உண்மை வெளிப்படும். ஒரு மூத்தவரைக் கேட்டிருந்தாற் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் காரியம், நான்கு நாளையும் அவனுடைய உறக்கத்தையும் விழுங்கியிருக்கும்.

இந்த மௌனத்துக்கு அவன் மட்டும் பொறுப்பாளன் அல்லன். தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் அதிற் பெரும்பங்கை ஏற்க வேண்டும். வகுப்பில் வினவுகின்ற பிள்ளையை அடக்கமில்லாதவன் எனவும், வாய் திறவாத பிள்ளையை நல்லவன் எனவும் கொள்ளும் வழக்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. தனியார் வகுப்புகளில் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கிருந்து குறிப்பெழுதும்போது கேள்விக்கு இடமும் இல்லை. பரீட்சை மண்டபத்தில் அயலானைப் பார்த்தல் குற்றம்; தனியே விடை காண்பதே திறமை. பதின்மூன்று ஆண்டுகள் இவ்வாறு பழகியவன், கேட்டலே தொழில் எனப்படும் இடத்தில் ஒரே நாளில் மாறிவிடுவான் என எதிர்பார்த்தல் முறையன்று. முகாமிலும் இடப்பெயர்விலும் வளர்ந்த பிள்ளைக்கு, தேவையின்றி வாய் திறவாமையே பாதுகாப்பு என்னும் பாடமும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டது.

இம்மௌனத்தைத் தமிழ் மரபு என்று சிலர் கூறுதல் பொருந்தாது. நன்னூலின் ஆசிரியர் பவணந்தி முனிவர், மாணாக்கன் கற்கும் முறையை வகுக்குமிடத்து, ஒரு நூலை இரண்டாம் முறையும் கேட்டலைப் பிழை நீக்கும் வழியாகவே கூறினார். ஆசிரியர் உரைத்ததை நன்கு உளங்கொண்டாலும் அது கல்வியிற் காற்பங்கே என்றும், உடன் பயில்வாரோடு உசாவுதலாற் காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய பாதியும் நிரம்பும் என்றும் அவர் கணக்கிட்டார். மென்பொருள் நிறுவனங்களின் நடைமுறையை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. மூத்தவர் விளக்குவது ஒரு பங்கு. தான் எழுதியதைக் குழுவிலுள்ள மற்றவர் படித்துக் குறை கூறுவதும், பிறர் எழுதியதைத் தான் படித்துக் கருத்துரைப்பதும் ஒரு பங்கு. தான் செய்ததைப் பிறர்க்கு விளக்கி எழுதி வைப்பது மற்றைய பங்கு. எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழ் இலக்கணம் கூறிய முறையும் இதுவே.

பிறர் குறை கூறுவது முதலிற் புண்படுத்தும். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் முறையாகப் படித்துப் பிழை காணும் ஏற்பாட்டை ஐ.பி.எம். நிறுவனத்து மைக்கேல் பேகன் என்பவர் 1976இல் விளக்கி எழுதினார். இக்காலத்தில் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் அது ஏதோ ஒரு வடிவில் நிகழ்கின்றது. புதியவன் இரண்டு நாள் வருந்தி எழுதிய முப்பது வரிக்கு மூத்தவர் பதினெட்டுக் குறிப்பு எழுதி அனுப்புவார். பரீட்சைத்தாளிற் சிவப்பு மையைக் கண்டு பழகிய கண்ணுக்கு அது தோல்வி எனத் தோன்றும். உண்மையிலே, அம்மூத்தவர் எழுதும் வரிகளுக்கும் வேறொருவர் குறிப்பு எழுதுகின்றார். குளக்கட்டில் ஒருவன் போட்ட மண்ணை மற்றொருவன் மிதித்து உறுதி பார்ப்பதைப் போன்றது அது. மிதிக்கப்பட்ட மண்ணே பெருமழையில் நிற்கும்.

புதியவனுக்குத் துணையாகும் கருவியும் ஒன்று உண்டு. 2005இல் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் ஆக்கிய கிட் என்னும் மென்பொருள், ஒரு நிரலின் ஒவ்வொரு வரியையும் யார், எப்பொழுது மாற்றினார், என்ன காரணங் கூறினார் என்பதைப் பதிந்து வைக்கின்றது. காரணத்தை ஒழுங்காக எழுதிய குழுவில், பழைய வரியைக் கண்டு திகைப்பவன் அதன் வரலாற்றைத் தானே புரட்டிப் பார்க்கலாம். 'திருத்தம்' என்னும் ஒரு சொல்லை மட்டும் எழுதிவிட்டுப் போனோர் உள்ள குழுவில் அப்பதிவேடு ஊமையாகும். எனவே வரலாறு படித்தவன், மூலச்சான்றைத் தேடும் தன் பழக்கத்தை இத்தொழிலிலும் பயன்படுத்தலாம். தன் காலத்துச் சான்றைச் செவ்வனே எழுதியும் வைக்கலாம்.

ஆங்கிலம் மற்றுமோர் இடர். உயர்தரம் வரை தமிழிற் பயின்ற பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற் கேட்டு எழுதப் பழகிவிடுகின்றது, பேசுவதற்கே கூசுகின்றது. கூட்டத்தில் விடை தெரிந்திருந்தும், அதனை ஆங்கிலத்திற் கோத்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த பொருளுக்குப் போய்விடும். இக்குறையை அறிவுக்குறை என்று நிறுவனத்தார் மயங்குதலும், தானே அவ்வாறு மயங்குதலும் உண்டு. இதற்கு நடைமுறையிற் கண்ட வழி ஒன்றே. கூற வேண்டியதை முன்னரே மூன்று வரியில் எழுதி வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போதல். எழுத்தில் வினவ இடமிருப்பின் எழுத்திலேயே வினவுதல். என்ன செய்ய முயன்றான், என்ன எதிர்பார்த்தான், என்ன நிகழ்ந்தது என்னும் மூன்றையும் அவ்வினாவிற் கூறினால், மொழி எளிதாயினும் கேள்வி மதிப்புடையதாகும். அவ்வாறு எழுதும்போதே விடை தனக்குப் புலப்பட்டுவிடுதலும் அரிதன்று.

2020இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின்னர், வீட்டிலிருந்தே வேலை செய்யும் முறை இத்தொழிலில் நிலைபெற்றது. அதனாற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருந்துகொண்டே கொழும்பு நிறுவனத்துக்கோ வெளிநாட்டு நிறுவனத்துக்கோ வேலை செய்தல் இயல்வதாயிற்று. இது வன்னிக்குப் பெரும்பேறு. ஆயினும் புதியவனுக்கு இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அலுவலகத்திற் பக்கத்து மேசையில் இருப்பவர், இவன் முகவாட்டத்தைக் கண்டு தாமே வந்து கேட்பர். வீட்டறையில் தனித்திருப்பவனின் முகத்தை எவரும் காணார். 2022இல் நாடு கடனிறுக்க இயலாது திண்டாடிய காலத்தில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்த நாள்களும் இருந்தன. அக்காலத்தில் தொழிலிற் சேர்ந்தோர் மின்னேற்றிய கணினியின் இரண்டு மூன்று மணித்தியாலத்தை எண்ணி எண்ணி வேலை கற்றனர். பலர் நாட்டை விட்டே போயினர். போனோர் விட்டுச் சென்ற நிரல்களை, பின்னர் வந்த இளையோரே ஏற்றனர். தொலைவிலிருந்து வேலை தொடங்கும் இளைஞன், முதல் மூன்று மாதங்களேனும் இயன்ற நாள்களிற் குழுவினரோடு நேரிற் கூடியிருத்தல் நன்று. இயலாதாயின், நாள்தோறும் மூத்தவர் ஒருவரோடு கால் மணித்தியாலம் பேசுவதற்கு அனுமதி கேட்டுப் பெறுதல் வேண்டும். அவ்வாறு கேட்பவனை எந்த நல்ல நிறுவனமும் குறைவாக எண்ணுவதில்லை.

இறுதியாக, இப்பேச்சைக் கேட்கும் தாய் தந்தையர்க்கும் ஒரு சொல். கமஞ் செய்யும் பிள்ளையின் வேலை வயலிலே தெரியும். மென்பொருள் எழுதும் பிள்ளையின் வேலை வீட்டாரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாள் முழுதும் திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாதிருப்பான். அப்போது அவன் படித்துக்கொண்டிருக்கின்றான். 'இத்தனை படித்தும் இன்னுமா பிடிபடவில்லை?' என்னும் கேள்வி அவனை மேலும் ஊமையாக்கும். 'இன்று யாரைக் கேட்டாய்? என்ன அறிந்தாய்?' என்று வினவினால் அவனுக்கு வழி திறக்கும். தகுதிகாண் காலம் என ஆறு மாதம் வைப்பது வழக்கம். பெருங்குளம் ஒன்றை நம்பி வயல் செய்ய வந்தவனுக்கு, ஒரு காலபோகத்தையும் ஒரு சிறுபோகத்தையும் கண்டபின்னரே அதன் நீர்ப்போக்குப் பிடிபடும். புதிய தொழிலுக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலத்தைப் பொறுமையோடு கொடுத்தல் முறையாகும்.

அவ்வாறு ஓராண்டு கழிந்தபின் அவன் செய்ய வேண்டிய கடமை ஒன்று எஞ்சியிருக்கும். லூயிஸ் என்னும் அந்த அதிகாரி வன்னிக்குப் புறத்தே இருந்து வந்தவர்; தாம் கண்டவற்றை எழுதி வைத்தமையால் இன்றும் வன்னியின் வரலாற்றை ஆராய்வோர் அவரை நாடுகின்றனர். புதியவனும் தான் முதல் வாரங்களில் எங்கெங்கு இடறினான், எந்தக் கோப்பை முதலிற் படித்தல் நலம், எந்தப் பகுதியை யாரிடங் கேட்டறியலாம் என்பனவற்றை இரண்டு மூன்று பக்கங்களில் எழுதிக் குழுவிடம் ஒப்படைக்கலாம். நாளடைவில் அவ்விடர்கள் அவனுக்கே மறந்துபோகும். ஆதலின் முதலாண்டு முடியுமுன் எழுதுதல் வேண்டும். அடுத்த ஆண்டு பம்பைமடுவிலிருந்தோ அறிவியல் நகரிலிருந்தோ அக்குழுவில் வந்து சேரும் பிள்ளை, அப்பக்கங்களைத் திறந்து தன் முதல் நாளைத் தொடங்கும்.